குருவி குறைந்துவிட்டது என்பதை எப்படி அறிகிறார்கள்?

ஆண்டுதோறும் மார்ச் 20 அன்று உலகச் சிட்டுக்குருவி நாள் வரும்போது இரண்டு செய்திகள் கைகோத்துக்கொண்டு வலம் வருகின்றன. சிட்டுக்குருவி அழிவின் விளிம்பில் நிற்கிறது என்பது ஒன்று. அலைபேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சே அதற்குக் காரணம் என்பது மற்றொன்று. பள்ளிப் பேச்சுப் போட்டிகளிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் இவ்விரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. முதலாவது ஒரு பறவையின் எண்ணிக்கையைப் பற்றிய கூற்று. இரண்டாவது அந்த எண்ணிக்கை மாறியதற்கான காரணத்தைப் பற்றிய கூற்று. இரண்டுக்கும் தனித்தனியே சான்று வேண்டும்.

இக்கட்டுரை பெரும்பகுதி முதல் கூற்றைப் பற்றியது. விருப்பம்போல் பறந்து திரியும் ஓர் உயிரினம் ஒரு நாடு முழுவதிலும் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பதை அறிவியலாளர்கள் எவ்வாறு கண்டறிகிறார்கள்? பறவைகளின் மீது உண்மையான அன்பு கொண்டவர்களே இதைப் பிழையாகப் புரிந்துகொள்வது எனக்கு வருத்தம் தருகிறது. ஏனெனில், நாம் எல்லோரும் ஒரே பறவையை எண்ணிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் வேளையில், வேறொரு பறவை சத்தமில்லாமல் குறைந்துகொண்டிருக்கும்.

## வலையும் மீனும்

ஏரியில் மீன் பிடிப்பவர் ஒருவர் போன வாரம் இருபது கிலோ மீனும் இந்த வாரம் முப்பது கிலோ மீனும் கொண்டுவந்தார் என்றால், ஏரியில் மீன் பெருகிவிட்டது என்று சொல்லலாமா? அவரைப் போன்ற அனுபவசாலி அப்படிச் சொல்ல மாட்டார். போன வாரம் ஒரு வலையை இரண்டு மணி நேரம் போட்டிருந்தார், இந்த வாரம் மூன்று வலைகளை இரவு முழுவதும் போட்டிருந்தார் என்றால், மீன் உண்மையில் குறைந்திருக்கிறது என்பதுதான் பொருள். எத்தனை வலை, எவ்வளவு நேரம் என்று தெரியாமல் கிலோக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது.

பறவைக் கணக்கிலும் இதே விதிதான். ஒருவர் எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எத்தனை பேராகச் சேர்ந்து தேடினார் என்பதை ஆய்வாளர்கள் ‘முயற்சி’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறார்கள். முயற்சியின் அளவைக் குறிக்காமல் ‘நூறு கூழைக்கடாக்களைப் பார்த்தேன்’ என்று எழுதிவைப்பது நல்ல நினைவுக்குறிப்பாக இருக்கலாம். இன்னோர் ஆண்டோடு ஒப்பிட அது உதவாது. ‘எங்கள் சிறுவயதில் எவ்வளவு குருவிகள் இருந்தன!’ என்ற நினைவும் இத்தகையதே. சிறுவயதில் நாள் முழுவதும் வாசலிலும் முற்றத்திலும் இருந்தவர்கள், இப்போது குளிரூட்டிய அறைக்குள் இருந்துகொண்டு அந்நாளையும் இந்நாளையும் ஒப்பிடுகிறார்கள். அந்த நினைவு பொய் என்று நான் சொல்லவில்லை. நினைவுக்கு வலைக் கணக்கு இல்லை என்பதே சிக்கல்.

## இருந்தும் தென்படாத பறவை

போன ஜனவரியில், பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் ஆண்டுதோறும் நடத்தும் கணக்கெடுப்புக்காக எங்கள் ஊர் ஏரிக்கரையில் கால் மணி நேரம் நின்றேன். சூரியன் அப்போதுதான் எழுந்திருந்தது. திறந்த நீர்ப்பரப்பில் நாமக்கோழிகள் கறுப்பாக மிதந்தன. வெள்ளை நெற்றியை வைத்தே ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. காலடியில் இருந்த கோரைப் புல்லுக்குள் சாம்பல் கதிர்க்குருவி ஒன்று விடாமல் குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. பத்தடி தூரம்தான், ஆனாலும் கண்ணில் படவில்லை. கடைசியில் அது ஒரு தூற்றிலிருந்து இன்னொரு தூற்றுக்குத் தாவியபோது, விரலைச் சொடுக்குவது போல ஓர் ஒலி கேட்டது. பழுப்பு நிற வால் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. அவ்வளவுதான்.

அன்று நண்பகலில் அதே இடத்தில் மறுபடி நின்றேன். நாமக்கோழிகள் அப்படியே இருந்தன. காற்று பலமாக வீசியது. கதிர்க்குருவியின் குரல் இல்லை. என் இரண்டாவது பட்டியலில் அதற்கு இடமும் இல்லை. ஆனால் அந்தச் சிறு பறவை கோரையை விட்டு எங்கும் போயிருக்க வழியில்லை.

ஓரிடத்தில் உண்மையில் இருக்கும் பறவை நம் பார்வையிலோ செவியிலோ சிக்குவதற்கான வாய்ப்பைக் ‘கண்டறியும் வாய்ப்பு’ என்பார்கள். அது இனத்துக்கு இனம் மாறும்; நேரம், பருவம், காற்று, பார்ப்பவரின் பழக்கம் ஆகியவற்றைப் பொறுத்தும் மாறும். ஆகவே எந்தக் கணக்கெடுப்பும் ‘இருக்கும் பறவைகளின் எண்ணிக்கை’யைத் தருவதில்லை, இருப்பவற்றில் தென்பட்ட ஒரு பங்கையே தருகிறது. அந்தப் பங்கு ஆண்டுக்கு ஆண்டு ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதே முறையின் சாரம்.

வட அமெரிக்காவில் 1966 முதல் நடந்துவரும் இனப்பெருக்கப் பறவைகள் கணக்கெடுப்பு இதை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறது. ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நீளமுள்ள சாலைத் தடம். அதில் 50 நிறுத்தங்கள். ஒவ்வொன்றிலும் சரியாக 3 நிமிடங்கள். தொடக்கம் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பு. அடுத்த ஆண்டும் அதே தடம், அதே நிறுத்தங்கள். காணாமல் விடுபடுபவை அப்போதும் இருக்கும்; ஆனால் அவை ஏறத்தாழ ஒரே அளவில் விடுபடுவதால் ஆண்டுகளை ஒப்பிட முடிகிறது.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: பார்த்த எண்ணிக்கை என்பது இருக்கும் எண்ணிக்கை அன்று. இடையில் முயற்சியும் கண்டறியும் வாய்ப்பும் நிற்கின்றன. அவ்விரண்டையும் கணக்கில் கொள்ளாத ஒப்பீடு செல்லாது.

## இல்லாததைப் பதியும் பட்டியல்

கண்டிப்பான தடங்களில் கணக்கெடுக்க ஆண்டுதோறும் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். இந்தியா போன்ற பெருநாட்டில் அவ்வாறான நாடளாவிய கணக்கெடுப்பு பல பத்தாண்டுகளாக நடந்ததில்லை. நம்மிடம் இருப்பது ஆயிரக்கணக்கான ஆர்வலர்கள் அவரவர் விருப்பப்படி எழுதிய பட்டியல்கள். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002இல் தொடங்கிய ஈபேர்டு தளத்தில் அவை சேர்கின்றன. ஒழுங்கற்ற இந்தக் குவியலிலிருந்து எதையாவது நம்பிக்கையோடு சொல்ல முடியுமா? முடியும், அதற்கான திறவுகோல் ‘முழுப் பட்டியல்’ என்ற எளிய கருத்தில் இருக்கிறது.

முழுப் பட்டியல் என்பது ஒருவர் குறிப்பிட்ட நேரத்தில் கண்டும் கேட்டும் அடையாளம் தெரிந்த எல்லா இனங்களையும் விடாமல் எழுதியது. காகத்தையும் மைனாவையும் ‘இதில் என்ன இருக்கிறது’ என்று ஒதுக்காதது. அப்படிப்பட்ட பட்டியலில் சிட்டுக்குருவி இல்லை என்றால், அது வெறும் மௌனம் அன்று. ‘தேடினேன், தென்படவில்லை’ என்ற தகவல். அரிய பறவையை மட்டும் பதிந்துவிட்டுப் போகும் பட்டியலில் இந்தத் தகவல் கிடைக்காது.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாவட்டத்தில் 2014இல் 200 முழுப் பட்டியல்கள் வந்தன. அவற்றுள் 120இல் பனங்காடை இருந்தது. 2024இல் அலைபேசிச் செயலிகளின் தயவால் 2,000 பட்டியல்கள் வந்தன. அவற்றுள் 700இல் பனங்காடை இருந்தது. பனங்காடையைப் பார்த்த நிகழ்வுகள் 120இலிருந்து 700ஆக ஏறியிருக்கின்றன. மேலோட்டமாகப் பார்ப்பவர் பறவை பெருகிவிட்டது என்று மகிழ்வார். ஆனால் முன்பு நூற்றுக்கு 60 பட்டியல்களில் இருந்த பறவை இப்போது நூற்றுக்கு 35இல்தான் இருக்கிறது. இந்த நூற்று வீதத்துக்குப் ‘பதிவு விகிதம்’ என்று பெயர். வலைகளின் எண்ணிக்கையால் மீனை வகுப்பது போலத்தான் இதுவும்.

பட்டியல்கள் எல்லாம் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. பத்து நிமிடப் பட்டியலில் ஓர் இனம் இடம்பெறும் வாய்ப்பும் மூன்று மணி நேரப் பட்டியலில் இடம்பெறும் வாய்ப்பும் வேறு. ஆதலால் ஒரு பட்டியலில் மொத்தம் எத்தனை இனங்கள் உள்ளன என்பதையே முயற்சியின் அடையாளமாகக் கொண்டு, நீளத்துக்கேற்பத் திருத்தம் செய்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்போம். பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான் அந்தப் பழமொழி பலிக்கும். பறவை ஆர்வலர்களோ பானையின் மேற்பரப்பிலேயே கரண்டியைப் போடுகிறார்கள்: வேடந்தாங்கலுக்கும் பள்ளிக்கரணைக்கும் போவார்கள், இராமநாதபுரத்துக் கரம்பு நிலத்தில் வெயிலில் நிற்க யாரும் அவ்வளவாகப் போவதில்லை. இதைச் சரிக்கட்ட வரைபடத்தைச் சம அளவுக் கட்டங்களாகப் பிரித்து, முதலில் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சராசரி எடுத்து, பிறகே கட்டங்களைச் சேர்க்கிறார்கள். ஆயிரம் பட்டியல்கள் வந்த கட்டமும் பத்துப் பட்டியல்கள் வந்த கட்டமும் அப்போது சம எடை பெறும்.

## கிணற்றுப் படிகள்

‘சரி, தமிழ்நாட்டில் மொத்தம் எத்தனை சிட்டுக்குருவிகள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. பதிவு விகிதம் அதைச் சொல்லாது. அது சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. கிணற்றில் எத்தனை லிட்டர் நீர் இருக்கிறது என்று எந்த விவசாயியும் அளப்பதில்லை. ‘போன பங்குனியில் ஏழு படி தெரிந்தது, இந்தப் பங்குனியில் பத்துப் படி தெரிகிறது’ என்பதிலேயே நீர் இறங்கிவிட்டதை அறிந்துகொள்கிறார். முழு அளவைத் தராமல், அதோடு சேர்ந்து ஏறி இறங்கும் இத்தகைய அளவையே ‘குறியீட்டெண்’ என்கிறோம். தொடக்க ஆண்டை 100 என்று வைத்துக்கொண்டால், மேலே கண்ட பனங்காடைக் கணக்கில் 60இலிருந்து 35க்கு வந்த விகிதம் 100இலிருந்து 58க்கு வந்ததாக எழுதப்படும். பல ஆண்டுகளின் குறியீட்டெண்கள் சேர்ந்து காட்டும் திசையே ‘போக்கு’.

கிணற்றின் உவமை இன்னொன்றையும் காட்டுகிறது. போன பங்குனியில் யாரும் எட்டிப் பார்த்திருக்காவிட்டால் இந்தப் பங்குனியின் பத்துப் படிக்குப் பொருளில்லை. பழைய அளவு இல்லாத இடத்தில் போக்கு என்று ஒன்று கிடையாது.

## சிட்டுக்குருவிக்கு என்ன ஆயிற்று?

இந்த முறையில் இந்தியப் பறவைகளை முதன்முதலாக நாடளாவி மதிப்பிட்ட ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை 2020இல் வெளிவந்தது. ஏறக்குறைய 15,500 ஆர்வலர்கள் பதிந்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் அதற்கு அடிப்படை. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது சிட்டுக்குருவி கடந்த 25 ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பாலும் நிலையாகவே இருக்கிறது என்பது அதன் முடிவு. அதே சமயம் சென்னை, பெங்களூரு, மும்பை, டெல்லி, கொல்கத்தா, ஹைதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களில் அது படிப்படியாகக் குறைந்திருக்கிறது. நகரவாசியின் கண் பொய் சொல்லவில்லை. தன் தெருவில் கண்டதை நாடு முழுவதற்கும் நீட்டியதில்தான் பிழை. செய்தி எழுதுபவர்களும் பெரும்பாலும் நகரங்களிலேயே இருக்கிறார்கள் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

கோபுரக் கதிர்வீச்சுதான் குருவியைக் கொல்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்று அந்த அறிக்கையே கூறுகிறது. பிரிட்டனில் சிட்டுக்குருவிகளின் சரிவு 1970களின் இறுதியில், அலைபேசிச் சேவை அந்நாட்டுக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. காரணங்களைத் தேடுவோர் குருவியின் வாழ்க்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெரிய குருவி தானியம் தின்னும். ஆனால் குஞ்சுக்கு ஊட்டுவது புழுவும் பூச்சியும். புல்லும் செடியும் இல்லாத, சிமெண்ட் பூசிய தெருவில் குஞ்சுக்கு இரை கிடைக்காது. கூடு வைக்க ஓட்டு இடுக்கும் சுவர்ப்பொந்தும் வேண்டும்; புதிய கட்டடங்களில் அவை இல்லை.

## குறைந்தது என்பதும் ஏன் என்பதும்

எண்ணிக்கைக்கான சான்றும் காரணத்துக்கான சான்றும் எவ்வளவு வேறானவை என்பதை வெண்முதுகுப் பாறுகளின் கதை போல விளக்குவது வேறில்லை. பாறு என்பது நாம் பிணந்தின்னிக் கழுகு என்று அழைக்கும் பறவை. இராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1980களின் பிற்பகுதியில் இப்பறவையின் 300க்கும் மேற்பட்ட கூடுகள் இருந்தன. அவற்றைத் தொடர்ந்து எண்ணிவந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ், 1990களின் இறுதியில் அவை மளமளவென்று மறைவதைக் கண்டார். மரக்கிளைகளில் பறவைகள் கழுத்தைத் தொங்கப்போட்டபடி நாள்கணக்கில் உட்கார்ந்திருந்து விழுந்து இறந்தன.

ஒரு பூங்காவின் கதையா, நாட்டின் கதையா? நல்வாய்ப்பாக, 1990களின் தொடக்கத்தில் வட இந்தியச் சாலைகளில் வேட்டைப் பறவைகளை எண்ணிய குறிப்புகள் இருந்தன. அப்போது யாரும் பாறுகளுக்கு ஆபத்து என்று நினைத்து எண்ணவில்லை. 2000இல் அதே சாலைகளில் மீண்டும் சென்று எண்ணினார்கள்; பின்னரும் பலமுறை எண்ணினார்கள். 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகள் 99.9 சதவீதம் குறைந்திருந்தன: ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. பழைய படிக்கணக்கு இல்லாதிருந்தால் இந்த எண் நமக்குக் கிடைத்திருக்காது.

இவ்வளவு தெளிவாகச் சரிவு தெரிந்த பிறகும் காரணம் தெரியவில்லை. தொற்றுநோயாக இருக்கலாம் என்றே முதலில் ஐயப்பட்டார்கள். பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு இறந்த பறவைகளை அறுத்து ஆராய்ந்தபோது, சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளைப் படலமாகப் படிந்திருப்பதைக் கண்டது. கால்நடைகளுக்கு வலிக்காகப் போடும் டைக்ளோஃபினாக் என்ற மருந்து அப்படி இறந்த பறவைகளின் உடலில் இருந்தது. வேறு காரணத்தால் இறந்த பறவைகளில் அது இல்லை. மருந்தூட்டிய கால்நடையின் இறைச்சியைத் தின்ற பாறுகள் அதே விதமாக இறந்தன. 2004இல் இம்முடிவு வெளியானது. 2006இல் இந்தியா அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது.

நூறு கால்நடைப் பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த மருந்து இருந்தாலே இப்படியொரு சரிவு நிகழப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு மாட்டின் உடலைப் பாறுகள் கூட்டமாக வந்து தின்கின்றன; ஒரு இணை ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடுகிறது. இழப்பை ஈடுகட்ட அவற்றுக்கு வழியே இல்லை. நீலகிரி அடிவாரத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் வட்டமிடும் சில பாறுகளை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வரும்.

சுருங்கச் சொன்னால், கணக்கெடுப்பு ‘குறைகிறது’ என்ற எச்சரிக்கையைத் தரும். ‘ஏன்’ என்பதற்கு உடற்கூறு, உணவு, வாழிடம், ஒப்பீட்டுச் சோதனை என்று வேறு வேலைகள் தேவை. இரண்டு நிகழ்வுகள் ஒரே காலத்தில் நடந்தன என்பது மட்டும் காரணமாகாது.

## வாழிடம் மாறும்போது

‘இந்தியப் பறவைகளின் நிலை’ வரிசையில் 2023இல் வந்த இரண்டாவது அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அவற்றுள் 338 இனங்களுக்கே நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்தது: 204 குறைந்திருந்தன, 98 நிலையாக இருந்தன, 36 பெருகியிருந்தன. எவை எந்தப் பக்கம் என்பதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. புல்வெளி, காடு என்று ஒரே வகை வாழிடத்தை நம்பிய பறவைகள் அதிகம் இழந்திருக்கின்றன. எங்கும் வாழத் தெரிந்தவை தாக்குப்பிடிக்கின்றன. மயில் பெருகியவற்றின் பட்டியலில் இருக்கிறது. முன்பு அரிதாகவே காணப்பட்ட கேரளத்தில் இப்போது பரவலாகத் தெரிகிறது. கற்பனைக் கணக்கில் நான் எடுத்துக்கொண்ட பனங்காடை உண்மையிலும் குறைந்துவருகிறது. உலக அளவில் அதன் நிலையை மறுமதிப்பீடு செய்ய வேண்டிய இனங்களுள் ஒன்றாக அறிக்கை அதைச் சுட்டியது. சிட்டுக்குருவிக்குக் கிடைத்த கவலையில் ஒரு பங்கு பனங்காடைக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

வட அமெரிக்காவில் 1970க்குப் பிறகு ஏறக்குறைய 290 கோடிப் பறவைகள், அதாவது நூற்றுக்கு 29, குறைந்துவிட்டதாக 2019இல் ஓர் ஆய்வு கூறியது. அரிய இனங்களைவிட அன்றாடம் காணும் சாதாரணப் பறவைகளே இந்த இழப்பின் பெரும்பகுதி. தரையில் நின்று எண்ணியவர்களின் கணக்கோடு அந்த ஆய்வாளர்கள் நின்றுவிடவில்லை. இரவில் வலசை போகும் பறவைக் கூட்டங்கள் வானிலை ரேடார்களில் பதிவாகும்; அந்தப் பதிவிலும் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 14 சதவீதச் சரிவு தெரிந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரண்டு அளவுகோல்கள் ஒரே திசையைக் காட்டும்போது நம்பிக்கை வலுப்பெறுகிறது.

## முறையின் எல்லைகள்

942 இனங்களில் 338க்கு மட்டுமே நீண்டகாலப் போக்கு கிடைத்தது என்பதை மறந்துவிடக் கூடாது. மற்றவை நலமாக இருக்கின்றன என்று அதற்குப் பொருளில்லை. 2000க்கு முந்தைய பட்டியல்கள் போதவில்லை என்பதே பொருள். இரவாடிகளான பக்கிகளும் ஆந்தைகளும் பகல் பட்டியல்களில் வருவது குறைவு. உள்ளான் வகைகளை அடையாளம் காண்பதில் புதியவர்கள் தடுமாறுவார்கள். வழக்கத்துக்கு மாறான பதிவுகளை அப்பகுதியை நன்கறிந்தவர்கள் சரிபார்த்த பின்பே ஏற்கிறார்கள். ஆகவே நேர்மையான அறிக்கை ஒவ்வொரு குறியீட்டெண்ணோடும் அது எவ்வளவு ஏறக்குறைய இருக்கலாம் என்ற வரம்பையும் சேர்த்துத் தருகிறது. செய்தித்தாளில் அந்த வரம்பு உதிர்ந்துபோய் எண் மட்டும் நிற்கிறது. படிக்கும்போது இதைக் கவனிப்பது நல்லது.

புதிதாகத் தொடங்க விரும்புவோருக்கு விலையுயர்ந்த இருநோக்கி தேவையில்லை. பத்து இனங்களை உறுதியாக அடையாளம் தெரிந்தால் போதும். ஒரே இடத்தில், வாரம் ஒருமுறை, கால் மணி நேரம் நின்று தெரிந்த அனைத்தையும் எழுதினால் அது ஆய்வுக்குப் பயன்படும் பட்டியல். இன்று காலை எங்கள் மொட்டைமாடியில் ஆறரை மணிக்கு நான் எடுத்த பட்டியலில் காகம், மாடப்புறா, மைனா, செம்போத்து, தையல்சிட்டு, இரண்டு பச்சைக்கிளிகள், ஒரு கரும்பருந்து என எட்டு உயிர்கள் இருந்தன. சிட்டுக்குருவி இல்லை. கண்டறிந்த எல்லா இனங்களையும் பதிந்துவிட்டீர்களா என்று கடைசியில் செயலி கேட்டது. ‘ஆம்’ என்று அழுத்தி அனுப்பினேன்.